இரவல் பெயரில் பேசிய கோட்டை

1767 செப்டம்பர் 3ஆம் தேதி செங்கம் கணவாயருகே மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து தொடுத்த தாக்குதலைக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை முறியடித்தது. எதிரணியில் எழுபதாயிரம் பேர் இருந்ததாகப் பழைய போர்க் கணக்குகள் சொல்கின்றன. ஸ்மித்திடம் நவாபின் குதிரைப்படையையும் சேர்த்து ஏழாயிரம் பேர்கூட இல்லை. வென்ற அந்தப் படைக்கு அன்றிரவு சோறு கிடைக்கவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தபோதே எதிரிக் குதிரைவீரர்கள் மூட்டை முடிச்சுகளில் கைவைத்துவிட்டார்கள், அரிசி போயிற்று. இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் மனிதருக்கும் மாட்டுக்கும் ஒன்றுமில்லாமல் நடந்து திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்கள். அங்கே வேண்டிய அரிசி சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் என்பது ஆற்காட்டு நவாப் முகமது அலி கொடுத்திருந்த வாக்கு. உயர்ந்த கோயில் மதில்களை அரணாகக் கொண்ட அந்த ஊருக்குள் வந்து பார்த்தபோது, படை உண்ணும் அளவுக்கு அரிசி இல்லை. நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் ஊரில் விட்டுவிட்டு ஸ்மித் தானியம் தேடிச் சுற்றுவட்டாரத்துக்குப் போகவேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து கர்னல் வுட் வந்து சேர்ந்தபின், அதே மாதம் 26ஆம் தேதி திருவண்ணாமலைக்கு அருகில் நடந்த பெரிய சண்டையில் கூட்டுப் படைகள் தோற்றன. சென்னையின் புறநகர்களைச் சூறையாடிக்கொண்டிருந்த ஹைதரின் பதின்பருவத்து மகன் திப்பு, அந்தச் செய்தி கேட்டுத் திரும்பினார்.

போர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வெற்றிகளையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். என் கவனம் அந்தக் களஞ்சியத்தில் நிற்கிறது. ஸ்மித் நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு அரிசி சேர்த்து வைக்கவேண்டிய பொறுப்பு நவாபுக்கு ஏன் வந்தது? ஏனென்றால் 1767இல் திருவண்ணாமலை ஆங்கிலேயருக்குச் சட்டப்படி சொந்தமான ஊர் அல்ல. 1760 முதல் அங்கே கம்பெனிப் படை இருந்தது உண்மை. ஆனால் ஊரின் வரியும் அமுல்தாரும் நவாபுடையவை. 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியைக் கர்நாடகத்தின், அதாவது ஆற்காட்டு நாட்டின், முறையான நவாப் என்று ஐரோப்பிய அரசுகளே ஒப்புக்கொள்ளும்படி செய்திருந்தது. காகிதத்தின்படி அவர் ஆளுகிறவர். ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆளுநரும் ஆலோசனை சபையும் அவருடைய நண்பர்கள். துப்பாக்கி கம்பெனியுடையது, பெயர் நவாபுடையது. பெயர் இருந்த இடத்தில் அரிசி இல்லை.

சென்னை அரசு அண்டை அரசுகளோடு நடத்திய உறவு முழுவதும் இப்படித்தான் அமைந்திருந்தது என்பது என் வாதம். மைசூரோடும் ஹைதராபாத்தோடும் தஞ்சையோடும் மராத்தியரோடும் பேசும்போது அது தன் சொந்தப் பெயரில் பேசவில்லை. ஒருநாள் டெல்லிப் பாதுஷாவின் பெயர், ஒருநாள் நிஜாமின் பெயர், பெரும்பாலும் நவாபின் பெயர். இரவல் வாங்கிய பெயரில் உரிமை கேட்பது எளிது. அதே பெயரில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய நாள் வந்தால், பொறுப்பு யாருடையது என்ற கேள்வியிலேயே வாக்கு கரைந்துபோகும். ஹைதர் அலி இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். கோட்டை வாசலில் குதிரைப்படையோடு நிற்கும் வரைதான் அந்தக் கோட்டையின் வாக்குக்கு மதிப்பு என்று அவர் முடிவு கட்டியதில் தவறு காண முடியவில்லை.

இந்த உத்தி ஆங்கிலேயர் கண்டுபிடித்ததல்ல. புதுச்சேரியில் டூப்ளே தொடங்கிவைத்தது. சந்தா சாகிபை ஆற்காட்டு நவாபாகவும் முசாபர் ஜங்கைத் தக்காணத்துச் சுபேதாராகவும் தூக்கி நிறுத்தி, அவர்களிடமிருந்து பட்டங்களும் நிலங்களும் பெற்று, அவர்களின் பெயரால் தென்னாட்டை ஆள நினைத்தவர் அவர். அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்களுக்கு ஒரு பட்டத்தின் எடை, ஒரு வெகுமானத்தின் விலை, யாருடைய கடிதம் யாரால் எந்த மரியாதையோடு எதிர்கொள்ளப்பட்டது என்பதெல்லாம் எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கப்பட்டன என்பது தெரியும். டூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டார். அவருடைய முறையை அவருடைய எதிரிகள் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சான்று வடசர்க்கார்கள். 1765 ஆகஸ்டில் கிளைவ் பாதுஷா ஷா ஆலமிடமிருந்து வங்காளத்தின் திவானியை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, பெற்றபோதே, கிழக்குக் கடற்கரையில் சிக்ககோல் முதல் குண்டூர் வரையான ஐந்து சர்க்கார்களுக்கும் ஒரு ஃபர்மான், அதாவது அரச ஆணை, வாங்கினார். அவை நிஜாம் அலியின் ஆட்சிக்குட்பட்டவை. அவரை யாரும் கேட்கவில்லை. ஃபர்மானைக் கையில் வைத்துக்கொண்டு 1766இல் சென்னை அரசு ஜெனரல் கையோவைப் படையோடு அனுப்பியது. நிஜாம் சீறினார். உடனே சென்னை அரசு பணிந்து, அதே கையோவை ஹைதராபாத்துக்குத் தூது அனுப்பி, அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பாதுஷா கொடுத்துவிட்டதாகச் சொன்ன நிலத்துக்கு நிஜாமுக்கு ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் வரை கட்டவும், அவர் கேட்கும்போது துணைப்படை அனுப்பவும் ஒப்புக்கொண்டது. குண்டூரை மட்டும் நிஜாமின் தம்பி பசாலத் ஜங் உயிரோடு இருக்கும் வரை அவரிடமே விட்டுவைத்தார்கள். பாதுஷாவின் கையெழுத்து போதுமானது என்றால் நிஜாமுக்குப் பணம் எதற்கு? நிஜாம்தான் உரிமையாளர் என்றால் ஃபர்மான் எதற்கு? துணைப்படை என்ற சொல்லுக்குள் இன்னொரு பொறியும் இருந்தது. நிஜாம் அப்போது மைசூர்மீது போர் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஓர் அண்டை அரசோடு சென்னை அரசு போருக்குப் போனது இந்த வழியாகத்தான்.

ஸ்மித் நிஜாமின் படையோடு மைசூர் எல்லைக்குள் போனார். அங்கே ஹைதரின் பணமும் பேச்சும் வேலை செய்தன. சில மாதங்களில் நிஜாம் ஹைதரின் பக்கம் சாய்ந்துவிட்டார். நிலைமையை உணர்ந்த ஸ்மித் தன் படையைப் பிரித்துக்கொண்டு வெளியேறினார். அவரைத் துரத்திக்கொண்டு வந்தவர்கள்தான் செங்கம் கணவாயில் இறங்கியவர்கள். இந்த இடத்தின் பூகோளத்தை ஒரு நொடி பார்க்கவேண்டும். ஜவ்வாது மலைக்குத் தெற்கே மைசூர் மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழி இது. மலைபடுகடாம் பாடப்பெற்ற நன்னனின் செங்கண்மா இந்தச் செங்கம்தான். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு இருந்ததற்கும் இந்த வழியே காரணம் என்று நினைக்கிறேன்: மேட்டையும் சமவெளியையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கலாம். அண்டை அரசோடு உறவு கெட்டால் அதன் விலையை முதலில் கொடுப்பது இந்த ஊர்தான்.

திருவண்ணாமலைத் தோல்விக்குப் பின் நிஜாமுக்கு மறுபடியும் மனம் மாறியது. வங்காளத்திலிருந்து வந்த ஒரு படை அவருடைய நாட்டுக்குள் நுழைந்ததும் அதற்குக் காரணம். 1768 பிப்ரவரியில் அவர் சென்னை அரசோடு புதிய உடன்படிக்கை செய்தார். என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேறில்லை. அதன்படி நிஜாம், தானும் தன் முன்னோரும் ஹைதருக்குக் கொடுத்த சனதுகளை, அதாவது உரிமைப் பட்டயங்களை, எல்லாம் ரத்து செய்தார். ஹைதரைக் கலகக்காரர் என்றும் ஆட்சியைப் பறித்துக்கொண்டவர் என்றும் அறிவித்தார். அவர் ஆண்ட பாலாகாட் கர்நாடகத்தின், அதாவது மைசூரின், திவானியைக் கம்பெனிக்கு வழங்கினார். பதிலாகக் கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் கட்டவேண்டும். மராத்தியருக்குச் சௌத் வரியும் கொடுக்கவேண்டும். கொடுத்தவருக்கு அந்த நாட்டில் ஒரு கிராமத்தின்மீதுகூடப் பிடி இல்லை. வாங்கியவர்களுக்கும் இல்லை. ஆனாலும் இது வெற்றுக் காகிதம் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதன் விளைவு மெய்யானது. ஹைதரை ஓர் அரசராக ஒப்புக்கொண்டு சமாதானம் பேசும் கதவை இந்தக் காகிதம் அடைத்துவிட்டது. தானே வரி அதிகாரி என்று காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்ட நாட்டை ஆள்பவரோடு எப்படிச் சமமாக உட்கார்ந்து பேசுவது?

கம்பெனியின் இயக்குநர்கள் இந்த உடன்படிக்கையைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தூரத்தைக் காரணம் காட்டிச் சென்னை அரசைப் பாதுகாக்கிறவர்கள் உண்டு: லண்டனுக்கு ஒரு கடிதம் போக ஆறு மாதம், பதில் வர ஆறு மாதம், மேலிடத்தின் வழிகாட்டல் இல்லாமல் அவர்கள் என்ன செய்திருக்க முடியும்? இந்த வாதத்தில் உண்மை உண்டு. அந்தக் கண்டனம் கப்பலேறி வருவதற்குள் ஹைதர் பரங்கிமலையில் வந்து நின்றார். ஆனால் தூரம் தாமதத்தை விளக்குமே தவிர, இல்லாத நாட்டின் திவானியை வாங்கியதை விளக்காது. அந்த முடிவு சென்னையிலேயே எடுக்கப்பட்டது. போரை நடத்திய முறையையும் பாருங்கள். 1768இல் மைசூருக்குள் போன ஸ்மித்தோடு ஆலோசனை சபை உறுப்பினர்கள் இருவரைக் களப் பிரதிநிதிகளாக அனுப்பினார்கள்; நவாபும் கூடவே போனார். பிடிக்கும் ஊர்களின் நிர்வாகம் நவாபின் கைக்குப் போகும் என்று ஏற்பாடு. ஒரு தளபதி அடுத்த முகாமை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் முன், வரியையும் ஒப்பந்தத்தையும் கணக்குப் பார்க்கிறவர்களின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவேண்டியதாயிற்று. தன் கையெழுத்தால் தர முடியாத நாட்டை நிஜாம் தந்தார். இன்னும் பிடிபடாத நாட்டை நிர்வகிக்க நவாப் வந்தார்.

1769 மார்ச் மாதக் கடைசியில் ஹைதர் தன் பெரும்படையை ஓரிடத்தில் விட்டுவிட்டு, ஆறாயிரம் குதிரைவீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து பரங்கிமலைக்கு வந்தார். கோட்டையிலிருந்து அது கூப்பிடு தூரம். தன்னோடு பேச ஜோசியாஸ் டு ப்ரேயை அனுப்பவேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார். அடுத்த ஆளுநர் அவர்தான் என்பது ஹைதருக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் கையெழுத்தான உடன்படிக்கையில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, ஹைதர் நவாப் முகமது அலியோடு நேரடியாக எதுவும் செய்துகொள்ள மறுத்தார். நவாபுக்காகக் கம்பெனியே பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டது. இரவல் பெயர் செல்லாது, உன் பெயரில் பேசு என்று ஒரு அண்டை அரசர் கோட்டையை வற்புறுத்திய முதல் தருணமாக இதைக் கருதுகிறேன். இரண்டாவது, பரஸ்பர உதவி. இருவரில் யாரை வேறொருவர் தாக்கினாலும், மற்றவர் தன் நாட்டிலிருந்து படை அனுப்பி எதிரியை விரட்டவேண்டும். அனுப்பும் படைக்குக் கூலி எவ்வளவு என்பதுகூட எழுதப்பட்டது: குதிரைவீரருக்கும் ஐரோப்பியப் படைவீரருக்கும் மாதம் 15 ரூபாய், இந்தியச் சிப்பாய்க்கு ஏழரை ரூபாய். கூலிவரை பேசி முடித்த ஒரு வாக்கை வெறும் நட்புரை என்று பின்னால் சொல்ல இடமில்லை. கலகக்காரர் என்று எழுதிய அதே அரசு, பதினான்கு மாதத்துக்குள் அதே மனிதரை நட்பரசர் என்று எழுதியது.

கத்தி முனையில் வாங்கிய வாக்கு என்பது பெரிய ஆட்சேபம். பரங்கிமலையில் குதிரைப்படை நிற்கும்போது யார்தான் கையெழுத்திடமாட்டார்கள்? இதற்கு என் பதில் இரண்டு. அந்த உடன்படிக்கையால் சென்னை அரசும் பலனடைந்தது. இழந்த இடங்களைத் திரும்பப் பெற்றது, சூறையாடல் நின்றது. பலனை வைத்துக்கொண்டு கடமையை மட்டும் கட்டாயம் என்று தள்ளுவது நேர்மையல்ல. மேலும், கட்டாயமே காரணம் என்றால், யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்துகொண்ட 1766, 1768 உடன்படிக்கைகள் இதைவிட நன்றாகக் காப்பாற்றப்பட்டிருக்கவேண்டும். அவை இன்னும் மோசமான கதி அடைந்தன.

சோதனை சீக்கிரமே வந்தது. 1770 முதல் 1772 வரை பேஷ்வா மாதவராவின் படைகள் மைசூரைத் தாக்கி ஹைதரைச் சீரங்கப்பட்டணம் வரை துரத்தின. அவர் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார். சென்னையிலிருந்து ஒரு சிப்பாயும் போகவில்லை. அப்போது ஆளுநராக இருந்தவர் அதே டு ப்ரே. அவர் கெட்ட எண்ணத்தால் வாக்கை மீறினார் என்று சொல்வது எளிது; ஆவணங்கள் காட்டுவது வேறு. அதே 1770இல் பிரிட்டிஷ் மன்னரின் தூதராகச் சர் ஜான் லிண்ட்சே வந்து இறங்கினார். பாரிஸ் உடன்படிக்கையின்படி நவாபைப் பாதுகாக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்றார். மராத்தியரோடு கூட்டுச் சேரவேண்டும் என்பது நவாபின் விருப்பம்; லிண்ட்சேவும் அவருக்குப் பின் வந்த சர் ராபர்ட் ஹார்லாண்டும் அதை ஆதரித்தார்கள். கம்பெனியின் சபை மராத்தியரோடு சேரவும் மறுத்தது, ஹைதருக்கு உதவவும் அஞ்சியது. மன்னரின் தூதர் ஒரு பக்கம், சபை ஒரு பக்கம், சேப்பாக்கம் மாளிகையில் நவாப் ஒரு பக்கம். சென்னை அரசு என்று ஹைதர் யாரைக் கருதிக் கடிதம் எழுதுவது? மராத்தியரைப் பகைத்துக்கொள்ளாமல் ஒதுங்கி நின்றது விவேகம் என்று வாதிடுகிறவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் விவேகம் இருந்திருந்தால் 1769இலேயே அந்த வாக்கைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தபின், முடியாது என்றாவது ஹைதருக்கு நேராகச் சொல்லியிருக்கவேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

நவாபின் பெயர் ஏன் இத்தனை வலிமையோடு ஒட்டிக்கொண்டிருந்தது? கடன்தான் காரணம். முகமது அலி கம்பெனி அதிகாரிகளிடம் தனித்தனியாக வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். சபையில் அமர்ந்து வெளியுறவை முடிவு செய்தவர்களில் பலர் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள். நவாபின் நாடு பெருகினால் அவர்களுடைய முதல் திரும்பி வரும். தஞ்சையின் கதை இதற்குச் சான்று. 1769 உடன்படிக்கையில் தஞ்சை அரசர் நண்பராகச் சேர்க்கப்பட்டிருந்தார். 1773இல் நவாபுக்காகக் கம்பெனிப் படையே தஞ்சையைப் பிடித்தது. இயக்குநர்கள் அதைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டு பிகட் பிரபுவை ஆளுநராக அனுப்பினார்கள். அவர் 1776இல் அரசரை மீண்டும் அமர்த்தினார். தஞ்சை வருவாயின்மீது பெருங்கடன் பாக்கி இருப்பதாக நவாபுக்குக் கடன் கொடுத்த பால் பென்ஃபீல்டு உரிமை கோரினார். சச்சரவு முற்றி, அதே ஆண்டு ஆகஸ்டில் சபையின் பெரும்பான்மை உறுப்பினர்கள் தங்கள் ஆளுநரையே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். தன் ஆளுநரைச் சிறைவைத்த ஓர் அரசின் வாக்கை மைசூர் எப்படி எடைபோடும் என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

இங்கே வேறொரு விளக்கத்தைப் பேசியாகவேண்டும். ஐரோப்பியருக்கும் இந்திய அரசுகளுக்கும் மொழியும் மரபும் வேறு, அதனால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை என்பது அந்த விளக்கம். படிக்க நன்றாக இருக்கிறது, சான்று நிற்கவில்லை. கோட்டையில் பாரசீக மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். துபாஷிகளின் பரம்பரையே இருந்தது. ஒவ்வொரு தர்பாரின் வக்கீலும் சென்னையில் இருந்தார். சென்னையின் வக்கீல்களும் அங்கே இருந்தார்கள். ஹர்க்காராக்கள் செய்தி கொண்டுவந்தார்கள். தென்னாட்டுப் பாளையக்காரர்கள்கூடத் தானாபதிகளை வைத்திருந்த காலம் அது. கில்லத் என்ற மரியாதை உடைக்கும் நஜர் என்ற காணிக்கைக்கும் என்ன பொருள் என்று இரு தரப்புக்கும் தெரியும். 1779இல் நடந்ததைப் பாருங்கள். ஹைதரைச் சமாதானப்படுத்த ஆளுநர் ரம்போல்டு தேர்ந்தெடுத்தது, தஞ்சைப் பக்கத்து மக்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்று அறிந்திருந்த ஜெர்மானிய மிஷனரியை. தமிழிலும் இந்துஸ்தானியிலும் பழுத்தவர். கையூட்டு வாங்காதவர் என்று எதிரிகளும் நம்பிய மனிதர். சீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை மரியாதையோடு வரவேற்றார், பேசினார். வழிச் செலவுக்காகக் கொடுத்த 300 ரூபாயைச் சுவார்ட்ஸ் திரும்பி வந்ததும் அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். பின்னர் அது அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது. அந்த மனிதரிடத்தில் குறை காண ஒன்றுமில்லை. மொழியிலும் குறை இல்லை. ஆனாலும் தூது பலிக்கவில்லை, ஏனென்றால் அவர் எடுத்துச் சென்ற சொல்லுக்கு அதை அனுப்பியவர்களே எதிராக நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டின் வரிசையைச் சேர்த்து வைத்தால் இது தெளிவாகும். 1778 அக்டோபரில் புதுச்சேரியைப் பிடித்த கம்பெனி, 1779 மார்ச்சில் மாஹேயையும் பிடித்தது. மாஹே தன் பாதுகாப்பில் இருக்கிறது என்று ஹைதர் முன்பே சொல்லியிருந்தார். அவருக்கு வெடிமருந்தும் தளவாடமும் வந்த துறைமுகம் அது. அதே ஆண்டு தொடக்கத்தில் சென்னை அரசு நிஜாமைக் கேட்காமல் பசாலத் ஜங்கோடு தனியே ஒப்பந்தம் செய்து குண்டூரை எடுத்துக்கொண்டது. எடுத்த கையோடு அதைப் பத்தாண்டுக் குத்தகைக்கு நவாப் முகமது அலியிடமே விட்டது. பசாலத் ஜங்குக்கு உதவப் புறப்பட்ட கர்னல் ஹார்ப்பரின் படை ஹைதரின் நாட்டு வழியாக, அவரைக் கேட்காமலே போகப் பார்த்து, தடுக்கப்பட்டது. நிஜாமைச் சமாதானப்படுத்த ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்ட ஹாலண்ட், வங்காளத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார் என்பதற்காகச் சென்னை அரசு அவரைத் திருப்பி அழைத்தது. வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் அவரையே வங்காளத்தின் பிரதிநிதியாக அங்கே நிறுத்திவைத்தார். ஒரே கம்பெனியின் இரண்டு அரசுகள் ஒரே தர்பாரில் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்தன. 1780 தொடக்கத்தில் சென்னையின் தூதராகச் சீரங்கப்பட்டணம் போன ஜார்ஜ் கிரேயை ஹைதர் குளிர்ந்த முகத்தோடு எதிர்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஜூலையில் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் பேர் கொண்ட படையோடு அவர் சமவெளிக்கு இறங்கினார். வந்த வழி அதே செங்கம் கணவாய். செப்டம்பர் 10இல் பொள்ளிலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை அழிந்தது.

எல்லோரும் அப்படித்தானே நடந்தார்கள் என்று ஒரு வாசகர் கேட்கலாம். நிஜாம் ஒரே ஆண்டில் இரண்டு முறை பக்கம் மாறினார். ஹைதர் மராத்தியருக்குக் கொடுத்த வாக்கையும் வாங்கிய வாக்கையும் பட்டியலிட்டால் அவரும் சுத்தமானவராகத் தெரியமாட்டார். கம்பெனியை மட்டும் ஏன் குற்றம் சொல்லவேண்டும்? நான் சொல்வது ஒழுக்கக் குற்றச்சாட்டு அல்ல. நிஜாம் பக்கம் மாறும்போது மாறியவர் யார், ஏன் மாறினார், எதைக் கொடுத்தால் திரும்புவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரோடு பேரம் பேச முடியும். சென்னை அரசோடு அதுவும் முடியவில்லை. அது வாக்கு மீறும்போது மீறியவர் ஆளுநரா, சபையா, நவாபா, லண்டனா என்று சொல்ல முடியாத நிலை இருந்தது. அந்தக் குறை போர்களை மேலும் கொடூரமாக்கியது. பேசித் தீர்க்க ஆள் இல்லாதபோது மிச்சமிருக்கும் வழி கிராமங்களை எரிப்பது. 1780இல் சென்னையைச் சுற்றிய பகுதிகளை ஹைதரின் படை அழித்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது, நானும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்கு முந்தைய பதினோரு ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்களுக்குப் பொறுப்பான பதில் வந்திருந்தால் என்ற கேள்வியை வரலாறு கேட்கத்தான் வேண்டும்.

கம்பெனி கடைசியில் வென்றதே, அப்படியானால் அதன் ராஜதந்திரம் தோல்வி என்று எப்படிச் சொல்வது என்பது மிஞ்சும் ஆட்சேபம். வென்ற வழியைப் பார்த்தால் அதுவே என் வாதத்துக்குச் சான்றாகிறது. 1784 மார்ச்சில் மங்களூரில், ஹைதருக்குப் பின் மைசூரை ஆண்ட திப்புவோடு செய்த சமாதானத்தில் சென்னையின் தூதர்கள் நவாபின் பெயரைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்கும்படி ஹேஸ்டிங்ஸ் வங்காளத்திலிருந்து எழுதினார். சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி மறுத்தார். பெயரைப் பற்றிய இந்தப் பழைய சண்டைக்கு நடுவே, அதே ஆண்டு லண்டனில் நிறைவேறிய பிட்டின் சட்டம் போர், சமாதானம் பற்றிய அதிகாரத்தைக் கல்கத்தாவில் இறுக்கிக் கட்டியது. காரன்வாலிஸ் 1790இல் பூனாவோடும் ஹைதராபாத்தோடும் கூட்டணி செய்தபோது, இரண்டு தர்பார்களிலும் கவர்னர் ஜெனரலின் பெயரில் மட்டுமே பேசும் ரெசிடெண்டுகள் இருந்தார்கள்: பூனாவில் மேலெட், ஹைதராபாத்தில் கென்னவே. மூன்று தரப்பும் சேர்ந்து திப்புவை 1792இல் பாதி நாட்டைக் கொடுக்கச் செய்தன. சென்னை அரசு கால் நூற்றாண்டாகச் செய்ய முடியாத வேலை, சென்னை அரசின் கையிலிருந்து பறிக்கப்பட்ட பிறகுதான் நடந்தது.

அந்தப் போரிலும் திருவண்ணாமலை தப்பவில்லை. 1790இல் தியாகதுருக்கத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பிய திப்பு இந்த ஊரைத் தாக்கிக் கைப்பற்றினார். ஊர் இன்னும் நவாபின் நாட்டில்தான் இருந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்புவின் மாளிகையில் கிடைத்த காகிதக் கட்டுகளுக்குள், முகமது அலியும் அவர் மகனும் திப்புவோடு ரகசியமாக நடத்திய கடிதப் போக்குவரத்து இருப்பதாகக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் அரசு சொன்னது. அந்தக் கடிதங்களில் நாட்டைப் பறிக்கும் அளவுக்கு என்ன இருந்தது என்று அப்போதே கேள்வி எழுந்தது. 1801 ஜூலை 31ஆம் தேதி முகமது அலியின் பேரன் அசீமுத் தௌலா ஒரு புதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். நவாப் என்ற பட்டம் அவருக்கு. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. நாடும் நிர்வாகமும் கம்பெனிக்கு. அன்று முதல் திருவண்ணாமலையின் வரிக் கணக்கு கம்பெனியின் கலெக்டரிடம் போனது. செங்கம் கணவாய்க்கு மேற்கே இருந்த பாராமகாலும் 1792 முதலே கம்பெனியுடையது. கணவாயின் இரு பக்கமும் ஒரே அரசு ஆனதால், அதன் வழியாகத் தூது அனுப்ப அங்கே இனி யாரும் இல்லை.